முதல் மழை ஓடைத் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடாதீர்கள்

வடகிழக்குப் பருவமழை வாசலுக்கு வந்துவிட்டது. திருமணிமுத்தாறு, சரபங்கா கரையோரத்திலும் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்திலும் வீட்டுத் தோட்டம் போட்டிருப்பவர்களுக்கு இது.

பாத்தியை அரை அடி உயர்த்துங்கள். வடிகால் வெட்டுங்கள். கிணற்றைச் சுற்றி மண் அணையுங்கள். கூரைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். ஆர்ஓ மெஷின் கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். அனுமதி இல்லாத சாயப்பட்டறைகள் தேக்கி வைத்த கழிவைத் திறந்துவிடுவது மழை கொட்டும் ராத்திரியில்தான். அந்த ஓடைத் தண்ணீரைத் தோட்டத்துக்கு இறைக்காதீர்கள். "காலையில் தெளிஞ்சிருச்சுங்க" என்று வந்து சொல்லாதீர்கள். தெளிந்தது நிறம் மட்டும்தான். சாயம் நூலில் பிடிக்க உப்பும் சோடா சாம்பலும் கொட்டுகிறார்கள். அந்த உப்பும், கழிவோடு வரும் உலோகமும் தண்ணீரில்தான் இருக்கின்றன. சோடியம் ஏறிய மண் நனைந்தால் களியாகும், காய்ந்தால் ஓடு கட்டும், மேலே வெள்ளை பூக்கும். போன வருடம் முதலில் கருகியது பீன்ஸ்தான், இலை ஓரத்திலிருந்து. அந்தத் தண்ணீரைக் காய்ச்சினாலும் கிருமிதான் சாகும். உப்பும் உலோகமும் போகாது, வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டி வந்தது. அதைப் பார்த்தபிறகும் ஓடைக்குள் ஹோஸ் போடுகிறவரை என்ன சொல்வது?

ஓடை வண்டலும் வேண்டாம், சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.

கூரைத் தண்ணீர் பிடிக்க ட்ரம் தேடுகிறீர்களா? பழைய சாமான் கடை நீல ட்ரம்மில் ஸ்டிக்கரைச் சுரண்டிய தழும்பு தெரிந்தால் வாங்காதீர்கள். உள்ளே ஆசிட் இருந்ததா, பெராக்சைடு இருந்ததா, யாருக்குத் தெரியும்? கழுவி ஊற்றினாலும் அது உங்கள் மண்ணில்தான் இறங்கும்.

ஏற்கெனவே கெட்ட மண்ணா? இந்தப் பருவம் கீரையும் கிழங்கும் போட வேண்டாம்; உலோகம் அவற்றில்தான் அதிகம் சேரும், காய்களில் குறைவு. சோடிய மண்ணுக்கு ஜிப்சம் போட இதுவே சமயம். ஜிப்சத்தைக் கொத்திக் கலந்துவிட்டால் மழைநீர் சோடியத்தைக் கீழே இறக்கும். வடிகால் இல்லையென்றால் ஜிப்சம் வீண். மக்கிய தொழு உரம் உலோகத்தைப் பிடித்து வைக்கும், போக்காது.

எவ்வளவு ஜிப்சம் என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள நிலையத்திலோ கேளுங்கள். நாலைந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்குச் சீவி எடுத்து, கலந்து, அரை கிலோ கொண்டு போங்கள். யூரியாச் சாக்கில் கட்டிப் போனால் யூரியாவுக்குத்தான் ரிசல்ட் வரும். சாதாரண மண் சோதனையில் உலோகம் தெரியாது. தனியாகக் கேட்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரையும் பாருங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கவே கூடாது.

ஓடையில் நிறம் தெரிந்தால் ராத்திரியே படம் எடுத்து, நேரம் குறித்து, மாசு கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். விடிந்தால் நிறம் போயிருக்கும். மோட்டாரை மட்டும் போடாதீர்கள்.