போன படகும் வரப்போகும் படகும்

சோழமண்டலக் கரையில் ஒரு குடும்பத்தின் படகு புயலிலோ பேரலையிலோ நொறுங்கிப் போயிற்றென்றால், அதை ஒரு தொழிற்கருவியின் நஷ்டம் என்று மட்டும் கணக்கெழுதிவிட முடியாது. தகப்பனார் காலத்திலே பூசையிட்டுக் கடலில் இறக்கி, குலதெய்வத்தின் பெயரை அணியத்தில் எழுதி, பிள்ளைகளின் படிப்புக்கும் பெண்களின் கல்யாணத்துக்கும் அதன் பாட்டையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு, அது வீட்டில் ஒரு ஜீவன் போன துக்கமே ஆகும். அந்தத் துக்கம் ஆறுமுன் அடுத்த படகுக்கு விலை பேசப் புறப்படுகிறவரை இரண்டு ஆசைகள் பற்றிக்கொள்கின்றன. போனதைப் போலவே அச்சாக ஒன்று வேண்டும் என்பது ஒன்று; போனதைக் காட்டிலும் பெரியதாக வாங்கி விதியை ஜெயித்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, கரை எப்படிப்பட்டது, வலை எது, கூட வரும் ஆட்கள் எத்தனை பேர், பணம் யாருடையது என்று இந்த வரிசையிலேயே விசாரிப்பது விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

துறைமுகமோ ஆற்று முகத்துவாரமோ இல்லாமல், அலை நேரே வந்து அறைகிற திறந்த மணற்கரையில் தொழில் செய்கிறவருக்குக் கட்டுமரத்தின் அருமையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏறிய நீர் மரங்களின் இடுக்கு வழியே தானே இறங்கிவிடும், கவிழ்ந்தாலும் மூழ்காது, கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்திக்கொள்ளலாம், இரண்டு மூன்று பேர் போதும், எண்ணெய்ச் செலவும் இல்லை. ஆயினும் அதன் குறைகளையும் மறைக்கலாகாது. காற்றும் கைவலிவும் அனுமதிக்கும் தூரமே அதன் எல்லை. பனிக்கட்டி கொண்டுபோக வசதியில்லை. பொழுதெல்லாம் நனைந்தபடியே உட்கார்ந்திருக்க வேண்டும். கேரளத்திலிருந்து வரும் நல்ல கனமற்ற மரமும் முன்போல் எளிதில் அகப்படுவதில்லை.

கண்ணாடியிழைப் படகு, அதாவது கரையிலே எல்லோரும் ‘பைபர்’ என்கிறது, இந்தக் குறைகளுள் பெரும்பாலானவற்றைத் தீர்க்கிறது. ஏறக்குறைய முப்பதடி நீளம், வெளியே பொருத்திய எட்டு அல்லது பத்துக் குதிரைத்திறன் மோட்டார், நாலைந்து ஆட்கள், பனிப்பெட்டி. தூரத்துக் கடலுக்குப் போய் ஏலம் முடியுமுன் திரும்பிவிடலாம். ஆனால், பங்கு பிரிக்குமுன்னரே எண்ணெய்க்கு எடுத்து வைக்க வேண்டியிருப்பதால், மீன் படாத நாளிலே கட்டுமரத்துக்காரருக்கு உழைப்புதான் வீண். பைபர்காரருக்கோ உழைப்போடு கைப்பணமும் போகிறது. மணலில் ஏற்றி இறக்கப் பல பேருடைய தோளோ, வாடகை டிராக்டரோ வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பழைய பைபரை மலிவாக வாங்க நினைப்பவர் வர்ணத்தைப் பார்த்து மயங்காதிருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலைக்குப் பிறகு தர்மசிந்தையோடு பலர் வழங்கிய படகுகளில், அவசரத்தில் மெல்லியதாக வார்க்கப்பட்டவையும் உண்டு. இழைப் படகிலே நோய் உள்ளே இருக்கும் என்பதை அப்போது இந்தக் கரை நன்றாகக் கற்றுக்கொண்டது. விரல் முட்டியால் ஓரிடம் விடாமல் அடியைத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று வரும் ஓசை ஓரிடத்தில் மொத்தென்று அடங்கினால், அங்கே அடுக்குகள் பிரிந்து நீர் புகுந்திருக்கிறது. மோட்டார் தொங்கும் பின்பலகையைப் பிடித்து உலுக்குங்கள். உள்ளிருக்கும் மரம் உளுத்திருந்தால் அது அசையும். இருக்கைகளின் கீழ் அடைத்த நுரைப்பொருள் நீர் குடித்திருந்தால், படகைத் தூக்கும்போதே கனம் காட்டிக்கொடுக்கும். ஆபத்தில் மிதக்க வைப்பதற்கென்று வைத்தது, ஆபத்தில் மூழ்கடிப்பதாக மாறியிருக்கும். இத்தகைய படகு எத்தனை மலிவானாலும் வேண்டாம்.

முட்டம் பக்கத்திலே பழகிப்போன ஒட்டுப்பலகை வள்ளம் நல்லதுதான். ஆனால் அதைப் பழுது பார்க்கத் தெரிந்த தச்சர் உங்கள் ஊரில் இல்லையென்றால் அதை நாட வேண்டாம். விசைப்படகில் பங்கு சேர்வது வேறு தொழிலுக்கே மாறுவதாகும்: துறைமுகத்தை விட்டு அதற்கு வாழ்வில்லை, 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடிச் சட்டப்படி கரையை ஒட்டிய கடலில் அது மீன்பிடிக்கக் கூடாது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் கட்டிக் கிடக்க வேண்டும். அந்த நாட்களில் கடலுக்குப் போகிற சிறிய கலத்தின் மீனுக்கு நல்ல விலை கிடைப்பதை யோசித்துப் பாருங்கள்.

இனிப் பணத்தின் விஷயம். படகைக் காட்டிலும் இதிலேதான் அதிகமானோர் கவிழ்கிறார்கள். மீன் வியாபாரி கொடுக்கும் முன்பணத்துக்கு வட்டி இல்லையென்று கேட்டதும் மனம் குளிர்கிறது. ஆனால் மீனையெல்லாம் அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போடவேண்டும் என்ற நிபந்தனையை, ஒவ்வொரு நாளும் குறைகிற விலையாகக் கூட்டிப் பார்த்தால், அந்த வட்டியில்லாக் கடன் எத்தனை வட்டி வாங்கியிருக்கிறது என்று தெரியும். படகு பெரிதாகப் பெரிதாக இந்தக் கட்டும் இறுகும்.

ஆகவே, திறந்த கரையும், மூவருக்கு மிகாத வீட்டு ஆட்களும், கரையோரத்துச் செவுள்வலையோ தூண்டிலோ தொழிலும் உள்ளவர் கட்டுமரத்தையே மீண்டும் கட்டலாம். நாலு பேர் நிலையாகக் கூட வருவார்கள், கடன் படகு விலையில் பாதிக்கு மேல் போகாது என்றால் பைபர் நல்லது. எதை வாங்கினாலும், முன்பணம் கொடுக்குமுன் படகின் பதிவுச் சான்றையும் இயந்திரத்தின் ரசீதையும் கையில் வாங்கிப் பாருங்கள். பதிவில்லாத படகுக்கு மானிய எரிபொருள் கிடையாது.