குடிபுகுமுன் வாடகை ஒப்பந்தத்தினின்று விலகுதல்

நம் அங்கத்தினருள் ஒருவர், பட்டுத்தறி நெய்பவர், ஒரு மாலை சங்க அலுவலகத்திற்கு வந்து மடித்த பத்திரமொன்றை மேசைமேல் வைத்தார். காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டைப் பதினொரு மாதத்திற்கு வாடகை பேசி, மாதம் 5,000 ரூபாய் என்றும் முன்பணம் 30,000 ரூபாய் என்றும் எழுதிக் கையெழுத்திட்டு ஆறு நாள்கள் ஆகியிருந்தன. முன்பணம் மனைவியின் நகையை அடகு வைத்துத் திரட்டியது. சாவி இன்னும் கைக்கு வரவில்லை. அடுத்த மாதம் முதல் தேதியில் குடிபுகுவதாக ஏற்பாடு. இதற்கிடையே பக்கத்து வீட்டார் சொல்லித் தெரிந்த செய்தி, ஐப்பசி கார்த்திகை மழையில் அவ்வீட்டுத் தரையில் நீர் ஊறும் என்பது. குழித்தறிக்காரருக்கு இதனினும் பெரிய கேடு வேண்டுவதில்லை. குழியில் நீர் நின்றால் மிதியில் கால் வைக்க இயலாது. நெய்தற்கு வழியின்றேல் வாடகைக்கும் வழியில்லை.

“ஐயா, போகாமலே இருந்துவிட்டால் என்ன?” என்பதே அவர் கேள்வி. அங்கத்தினர் பலருக்கும் நேரக்கூடிய இடர் இது. ஆதலின் இம்மாதப் பாடமாக இதனையே எடுத்துக்கொண்டோம்.

கையெழுத்திட்ட சில நாள்களுக்குள் மனம் மாறினால் ஒப்பந்தம் தானே கலைந்துவிடும் என்றொரு நம்பிக்கை மக்களிடையே உண்டு. நம் நாட்டில் வாடகை ஒப்பந்தங்களுக்கு அத்தகைய பொதுச் சலுகைக் காலம் எதுவும் இல்லை. பத்திரத்திலேயே எழுதியிருந்தாலன்றி மூன்று நாளும் இல்லை, ஒரு நாளும் இல்லை.

இதற்கு நேர்மாறான அச்சமும் உண்டு. பதினொரு மாத வாடகை முழுவதையும் கட்டியே தீரவேண்டும் என்று நம் அங்கத்தினர் அஞ்சினார். அதுவும் சரியன்று. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி, ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகை பதிவுப் பத்திரத்தால் மட்டுமே ஆகும். ஏனைய குத்தகைகள் பதிவுப் பத்திரத்தாலாவது, வாய்ப்பேச்சும் சொத்தின் கைமாற்றமும் சேர்ந்தாவது ஆகும். பதிவு வேண்டாம் என்பதற்காகத்தான் பதினொரு மாதம் என்று எழுதும் வழக்கமே எழுந்தது. ஆனால் பதிவுமில்லை, சாவியும் கைமாறவில்லை என்னும் நிலையில், அங்கே குத்தகை இன்னும் முழுமை பெறவில்லை. குத்தகைக்கு விடுவதாகவும் எடுப்பதாகவும் கூறிய வாக்குறுதியே இருக்கிறது. வாக்குறுதியை மீறியவர் கொடுக்கவேண்டியது நட்டஈடு. அது வாடகை அன்று. பத்திரம் பதிவாகியிருந்தாலோ நிலை வேறு. அப்போது இருவரும் இசைந்து குத்தகையை ஒப்படைப்புச் செய்வதே தக்க வழி. நகர்ப்புறங்களைப் பொறுத்தவரை, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்றும் வாடகை அதிகாரியிடம் பதிவு பெறவேண்டும் என்றும் கூறுகிறது. பலர் இதனைச் செய்வதில்லை என்பதை நாம் அறிவோம்.

இனி, நட்டஈடு எவ்வளவு? இதுவே நம் பாடத்தின் உயிர்நிலை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, மீறுதலால் இயல்பாக விளைந்த இழப்பிற்கே ஈடு தரச் சொல்லுகிறது. அவ்விழப்பைக் கணக்கிடும்போது, அதனைத் தவிர்த்துக்கொள்ள மற்றவருக்கு இருந்த வழிகளையும் பார்க்கவேண்டும் என்றும் அப்பிரிவின் விளக்கம் கூறுகிறது. வேறு குடியாளர் பதினைந்து நாளில் கிடைக்கக்கூடுமாயின், வீட்டைப் பதினொரு மாதம் பூட்டி வைத்துவிட்டு முழுத் தொகையைக் கேட்க இயலாது. ஆகையால் விலகும் செய்தியை எவ்வளவு முன்னதாகச் சொல்லுகிறோமோ அவ்வளவு இழப்புக் குறைகிறது. சொல்லாமல் இருந்துவிடுபவர் தம் கடனைத் தாமே வளர்க்கிறார்.

“விலகினால் முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது” என்று எழுதியிருந்தால்? நம் அங்கத்தினர் கொணர்ந்த பத்திரத்திலும் அவ்வரி இருந்தது. அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு, எழுதிய தொகைக்கு மேற்படாமல் நியாயமான ஈடு மட்டுமே பெறலாம் என்கிறது. பதே சந்த் எதிர் பால்கிஷன் தாஸ் என்னும் 1963ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. அதில் சொத்து வாங்க முன்வந்தவர் அச்சாரமாக 1,000 ரூபாயும், பின்னர் 24,000 ரூபாயும் கொடுத்திருந்தார். அச்சாரத்தை விற்பவர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 24,000 ரூபாயை, பத்திரத்தில் விதி இருக்கிறது என்ற காரணத்தால் மட்டும் பறித்துக்கொள்ள இயலாது என்று தீர்ப்பாயிற்று. ஆதலின் வீடு பேசிய அன்று கொடுக்கும் சிறு அச்சாரம் வேறு, பின்னர்க் கொடுக்கும் முன்பணம் வேறு என்பதை இரசீதிலேயே பிரித்து எழுதிக்கொள்ளல் நன்று.

வீட்டுக்காரர் தரப்பில் குறை இருப்பின் நிலைமை இன்னும் மாறும். எந்த உபயோகத்திற்காகச் சொத்தை எடுக்கிறோமோ அதற்கு இடையூறான பெருங்குறை, அவருக்குத் தெரிந்தும் நமக்குத் தெரியாமலும், சாதாரணக் கவனத்தால் கண்டுகொள்ள இயலாமலும் இருந்தால், அதனை அவர் வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. மோசடியாலோ தவறான கூற்றாலோ பெற்ற இசைவை ரத்துச் செய்யவும் ஒப்பந்தச் சட்டத்தில் இடமுண்டு. ஆயின் நம் அங்கத்தினர் பத்திரத்தில் “குடியிருக்க” என்று மட்டுமே எழுதியிருந்தது; தறி என்ற சொல்லே அதில் இல்லை! தறி போடுவதாக வாயால் சொன்னேன் என்றார். வாய்ச்சொல்லை மெய்ப்பிப்பது எளிதா? தரையைத் தோண்டவேண்டிய தொழில் செய்பவர், குழி தோண்ட அனுமதியையும், காலி செய்யும்போது குழியை மூடித் தரும் பொறுப்பையும் எழுதாமல் கையெழுத்திடுதல் ஆகாது. ஜக்கார்டு பெட்டி ஏற்றக் கூரை உயரம் போதுமா என்பதையும் அளந்து பார்த்தபின்னரே முன்பணம் கொடுக்கவேண்டும்.

சங்கமே கிடங்கோ விற்பனை நிலையமோ வாடகைக்கு எடுத்து விலகுவதாயின் நிர்வாகக் குழுவின் தீர்மானம் வேண்டும். சாகுபடி நிலக் குத்தகைக்குத் தனிச் சட்டங்கள் உள. பயிரிடும் அங்கத்தினர் இப்பாடத்தை அப்படியே அங்குப் பொருத்துதல் கூடாது.

நாம் அவருக்குச் சொன்னது இதுவே: சாவியை வாங்காதீர், பொருள் எதனையும் அங்கு இறக்காதீர், இன்றே நேரில் சென்று சொல்லிவிட்டு, நாளை எழுத்திலும் அனுப்புக. அலுவலகத்திலேயே கடிதம் எழுதப்பட்டது:

“இன்ன தேதியில் கையெழுத்தான ஒப்பந்தப்படி தங்கள் வீட்டில் குடிபுக இயலாத நிலையில் உள்ளேன். மழைக்காலத்தில் தரையில் நீர் ஊறும் என்று அறிகிறேன். அதில் தறி போட இயலாது. சாவியை நான் பெறவில்லை. இன்று முதலே வேறு குடியாளரை அமர்த்திக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் கொடுத்த முன்பணம் 30,000 ரூபாயில், தங்களுக்கு உண்மையில் நேரும் இழப்பைக் கழித்துக்கொண்டு எஞ்சியதைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, விரைவு அஞ்சலில் பெற்றுக்கொண்டமைக்கான அத்தாட்சியுடன் அனுப்பினார்.

வீட்டுக்கார அம்மையார் முதலில் சினந்தார். அவ்வாடகையே அவருக்கு வருவாய். இவரை நம்பி வேறொருவரைத் திருப்பி அனுப்பியுமிருந்தார். அவர் சினத்திலும் நியாயம் இருந்தது என்றே கருதுகிறோம். “உங்களை நட்டப்படுத்தமாட்டேன் அம்மா, ஆனவரைக்கும் பிடித்துக்கொள்ளுங்கள்” என்று இவர் சொன்ன பின்னரே பேச்சு கூடிவந்தது. வீடு காலியாக இருந்த அரை மாதத்திற்கு 2,500 ரூபாயும், பத்திரச் செலவிற்கு 500 ரூபாயும் கழித்து, 27,000 ரூபாய் இரு தவணையில் திரும்பியது. மூலப் பத்திரத்தின் பின்புறம், ஒப்பந்தம் ரத்தாயிற்று, ஒருவருக்கொருவர் பாக்கியில்லை என்று எழுதி இருவரும் சாட்சிகளுடன் கையெழுத்திட்டது இரண்டாம் தவணை கைக்கு வந்த பிறகேயாம். நகையும் அவ்வாரமே மீட்கப்பட்டது.