கூரையிலிருந்து ஆரம்பியுங்கள்

கேள்வி: மாதச் செலவையும் குறைக்க வேண்டும், தீவையும் குப்பையாக்கக் கூடாது. எங்கே தொடங்கலாம்?
– வாசகி, லாங் ஐலண்ட், அந்தமான்

பதில்: தலைக்கு மேலே பாருங்கள், அம்மா. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர் தண்ணீர். தகரக் கூரை 20 சதுர மீட்டர் என்றால், 50 மில்லிமீட்டர் கொட்டும் ஒரே நாளில் 1,000 லிட்டர். அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆனால் ஜனவரி பிறந்தால் ஏப்ரல் வரை வானம் கையை விரித்துவிடும்; அதனால் பெய்யும்போதே பிடித்து வையுங்கள். முதல் மழை கூரை அழுக்கைக் கழுவிப் போகட்டும். அடுத்த மழைக்கு டிரம்மை வையுங்கள். அதன் வாயில் பழைய வேட்டியை இறுக்கிக் கட்டினால் கொசு முட்டையிடாது.

அடுத்தது ஷாம்பு பாக்கெட். கணக்குப் பார்த்தால் பாட்டிலைவிடப் பாக்கெட் சில சமயம் மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் ரங்கத் பக்கத்து எரட்டா ஜெட்டியில் படகேறி வரும் பாக்கெட், காலியானதும் திரும்பப் படகேறுவதில்லை; உங்கள் தீவின் லாலாஜி பே கடற்கரை மணலில்கூடப் போய்க் கிடக்கும். சீயக்காய்க்கு மாறுங்கள், வம்பே இல்லை.

பாத்திரம் தேய்க்க ஸ்க்ரப்பரா? தேங்காய் நார் கொல்லையிலேயே கிடக்கிறதே!