மாஸ்டரில் ரிவர்ப் போடும் முன்

“எக்கோவைக் கொஞ்சம் கூட்டுங்க தம்பி.” பதுளைப் பக்கம் ஹாலிஎலயில் சிறிய ஸ்டூடியோ ஒன்றைத் தொடங்கினால், பாட வருபவரிடமிருந்து நீங்கள் அதிகம் கேட்கப்போவது இதைத்தான். அம்மன் பாட்டோ காதல் பாட்டோ, குரல் பெரிதாகக் கேட்க வேண்டும் என்பதே அவர் ஆசை. அதில் தப்பில்லை. கூட்டுகிற இடத்தில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். அவர் எக்கோ என்று சொல்லும் ரிவர்ப்பைக் குரலுக்குத் தனியாகப் போடச் சோம்பல்பட்டு, மாஸ்டர் சேனலில் போட்டுவிடுவார்கள். ஹெட்போனில் பாட்டு பளபளக்கும். ஆனால் அதையே ஓட்டோவில் போட்டால் சொல் விளங்காது, தாளம் ஊறிப்போன மாதிரி இருக்கும்.

காரணம் எளிது. எல்லாத் தடங்களும் மாஸ்டர் வழியாகத்தான் வெளியே போகின்றன. அங்கே போட்ட ரிவர்ப், குரலோடு சேர்த்து கிக், பேஸ், தப்பு எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 அடி என்றால் அரை விநாடிக்கு ஓர் அடி விழும். ரிவர்ப்பின் வால் ஒன்றரை விநாடி நீண்டால், ஒரு கிக்கின் மிச்சம் அடுத்த மூன்று அடிகள் மேலும் படர்கிறது. காமன் கூத்துத் தப்பைப் பதிவு செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சிம்புக்குச்சி தோலில் விழும் அந்தச் சுருக்கென்ற ஓசைதான் தப்பின் உயிர். மாஸ்டர் ரிவர்ப் முதலில் அதைத்தான் மழுக்கும்.

இன்னொரு சிக்கல் அறையில் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா, மேலே தகரம், கீழே சீமெந்து. இப்படிப்பட்ட அறையில் பாடும்போதே சுவரில் பட்டுத் திரும்பும் ஓசையும் மைக்குக்குள் போய்விடும். அதன்மேல் ரிவர்ப் போடுவது பழுதைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான். பிளக்-இன் தேடுமுன் இரண்டு தடித்த கம்பளிகளைத் தேடுங்கள். ஒன்றைக் கட்டாயம் பாடுபவரின் முதுகுப்பக்கம் தொங்கவிட வேண்டும், ஏனென்றால் மைக் பார்த்துக்கொண்டிருப்பது அந்தப் பக்கத்தைத்தான். பதுளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை தகரத்தில் மழை கொட்டும் காலம். அந்த மாதங்களில் மாலை நேரப் பதிவுக்கு யாருக்கும் நாள் குறித்துக் கொடுக்காதீர்கள்.

சரியான வழி சென்ட். ரிவர்ப்பைத் தனிச் சேனல் ஒன்றில் வைத்து, எந்தத் தடத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவை மட்டும் அங்கே அனுப்புவது. இது பழைய பழக்கம்தான். 1947இல் சிகாகோவில் பில் புட்னம், ஸ்டூடியோ குளியலறையில் ஸ்பீக்கரையும் மைக்கையும் வைத்து ஹார்மோனிக்கட்ஸ் குழுவின் பாட்டுக்கு எதிரொலி சேர்த்தார். 1957இல் வந்த ஈ.எம்.டி. 140 என்பது பெரிய இரும்புத் தகடு. ஏறக்குறைய 270 கிலோ எடை. தடத்துக்கு ஒன்று வாங்கி வைக்க யாரால் முடியும்? ஒன்றை வைத்துப் பங்கு போட்டார்கள். இன்றைய சென்ட்டும் அதே பங்குதான்.

குரலுக்கு ப்ரீ-டிலேயை 20 முதல் 40 மில்லி விநாடி வரை வையுங்கள். சொல் முன்னால் நிற்கும், ரிவர்ப் அதன் பின்னால் வரும். ரிவர்ப் சேனலில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடுங்கள். லண்டன் அபி ரோட் ஸ்டூடியோவின் பெயரால் வழங்கும் உத்தி இது, இன்றும் கைகொடுக்கிறது. கருவிக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளை 60 நாள் இலவசமாகப் பாவித்துப் பார்க்கலாம், அதற்குள்ளேயே ரிவர்ப் இருக்கிறது. வல்ஹாலா சூப்பர்மாசிவ் என்ற ரிவர்ப் பிளக்-இன் முற்றிலும் இலவசம். ஆனால் அதன் நீண்ட வாலை மாஸ்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அப்படியானால் மாஸ்டரில் ரிவர்ப் போடவே கூடாதா? போடலாம், காரணம் இருந்தால். குரல் ஹாலிஎலயிலும் கீபோர்ட் கொழும்பிலும் பதிவாகி, இரண்டும் ஒட்டாமல் நின்றால், அரை விநாடிக்குள் முடியும் சிறிய அறை ரிவர்ப்பை நூற்றுக்கு மூன்று நான்கு வீதம் சேர்க்கலாம். கீழ் அதிர்வெண்களை வெட்டி, லிமிட்டருக்கு முன்னால் வையுங்கள். கலந்து முடித்த ஒற்றை ஃபைலை மட்டும் வாடிக்கையாளர் தந்தால் வேறு வழியும் இல்லை. பாட்டின் கடைசி அடி வெட்டுப்பட்டு நின்றால், அந்த இடத்துக்கு மட்டும் ரிவர்ப்பை ஒட்டோமேஷனில் திறந்துவிடுங்கள்.

திருவிழாப் பாட்டு வேறு கதை. கோயில் கூரையில் கட்டிய ஹோர்ன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது, ஸ்டீரியோவும் கிடையாது. அதோடு நமது மலைகளே ரிவர்ப் போடும். எதிர்ச் சரிவு 170 மீட்டர் தூரத்தில் இருந்தால் ஒலி போய்த் திரும்ப ஒரு விநாடி. நீங்கள் போட்ட வாலும் மலை போடும் வாலும் சேர்ந்தால் அம்மன் பெயரே விளங்காது. திருவிழாவுக்கென்று ரிவர்ப் குறைத்த பிரதி ஒன்று கட்டாயம் வேண்டும். அதை மோனோவில் கேட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இனி தொழில் பக்கம். வாடிக்கையாளரோடு ரிவர்ப்பைப் பற்றி வாதம் பண்ணாதீர்கள். இரண்டு பிரதிகளை ஒரே சத்த அளவில் வைத்து, அவரது போனிலும் ஓட்டோவிலும் போட்டுக் காட்டுங்கள். சத்தம் கூடியது பெரும்பாலும் நல்லதாகவே கேட்கும், அதனால் சத்தம் சமமாக இருப்பது முக்கியம். எத்தனை தடவை திருத்திக் கொடுப்பீர்கள் என்பதை முன்பணம் வாங்கும்போதே எழுதிவிடுங்கள். கரோக்கிப் பிரதிக்குக் கட்டணம் தனி. வெளியே மாஸ்டரிங்குக்கு அனுப்பினால், மாஸ்டர் ரிவர்ப்பையும் லிமிட்டரையும் அணைத்து, 24 பிட் வேவ் ஃபைலாக, உச்சத்தில் ஆறு டெசிபல் இடம் விட்டுக் கொடுங்கள். நீங்கள் நினைத்த ஓசை இதுதான் என்று காட்ட, ரிவர்ப் போட்டதையும் மாதிரிக்குச் சேர்த்து அனுப்பலாம்.

ரிவர்ப் இல்லாத பிரதியையும் புரொஜெக்ட் ஃபைலையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் கட்டாயம் வையுங்கள். அடுத்த வருடத் திருவிழாவுக்கு அதே பாட்டைக் கேட்டு வருவார்கள். அப்போது மறுபடி மிக்ஸ் பண்ணுவதற்குக் கூலி கேட்கக் கூச்சப்படாதீர்கள்.