மரம் கழிக்க என்ன கூலி?

வீட்டு மரங்களைப் புரட்டாசிக்குள் கழித்துவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஆள் கிடைப்பது அரிது, கூலியும் ஏறும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. கூரைமேல் விழுந்த மரத்தை அறுத்து அகற்றும் செலவு, கிளை கழிப்பதைவிடப் பல மடங்கு.

தென்னைக்கு மரக்கணக்கு. காய் பறித்து, காய்ந்த மட்டை, பாளை, பன்னாடை கழித்துவிடப் பொதுவாக 50 முதல் 100 ரூபாய். பச்சை மட்டையை வெட்ட விடாதீர்கள், காய்ப்புக் குறையும்.

வேம்பு, பூவரசு, மாவுக்கு ஆள் கணக்கில் நாள்கூலி. ஓட்டின்மேல் சாய்ந்த கிளையைக் கயிறு கட்டி இறக்க வேண்டுமென்றால் கூடுதலாகக் கேட்பார்கள், அது நியாயம்தான். மெஷின் வாடகை, கழிவை அள்ளும் டிராக்டர் வாடகை இரண்டும் தொகைக்குள் அடக்கமா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். விறகை அவர்களே எடுத்துக்கொண்டால் கூலியில் கழிக்கச் சொல்லுங்கள். பருத்த கிளைகள் என்றால் விறகு வியாபாரியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பெரிய கிளையில் முதலில் அடிப்பக்கம் சிறிது அறுத்து, பிறகு மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டை கிழிந்து தண்டுவரை உரிந்துவரும். மொத்தமாக மொட்டையடித்தால் பிடிப்பில்லாத கொம்புகள் துளிர்த்து, அடுத்த காற்றில் முறியும்.

மின்கம்பியில் உரசும் கிளைக்குக் கூலியாள் வைக்காதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் சொல்லுங்கள்.