தாத்தா பாட்டிக்கு யோகா: நாற்காலியில் இருந்து தொடங்குவோம்



"வீட்டுல பாட்டிக்கு யோகா சொல்லிக் கொடுக்கலாமா? வீடியோ போட்டுக் காட்டினா போதுமா?" என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். எங்கள் குடியிருப்பின் ஹாலில் வாரம் மூன்று நாள் பெரியவர்களுக்கு வகுப்பு எடுத்து வருகிறேன். இப்போது வருகிறவர்களின் வயது 62-லிருந்து 84 வரை. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படிங்க.

வகுப்பில் சேர்ந்த அன்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னது இது: "எனக்கு ஆசனமெல்லாம் வேணாம்பா. பாத்ரூம் போனா யாரையும் கூப்பிடாம நானா எந்திரிச்சு வரணும். அது போதும்." வயசானவங்களுக்குப் பாடம் எடுக்கிறவர்கள் இந்த வார்த்தையை எழுதி வைத்துக்கொள்ளலாம். காலை மடக்கிப் பத்மாசனம் போடுவது அவங்க கேட்பதில்லை. விழாம நடக்கணும், கீழே விழுந்த சாவியைக் குனிந்து எடுக்கணும், மேல் தட்டில் இருக்கிற டப்பாவுக்குக் கை எட்டணும். அவ்வளவுதான்.

நாற்காலியில் உட்கார்ந்து செய்தால் அது யோகாவா என்று சிலர் கேட்பதுண்டு. ஆளைப் பார்த்துப் பயிற்சியை மாற்றணும் என்பதைச் சென்னையில் நெடுங்காலம் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரே (1888–1989) வழக்கமாக வைத்திருந்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் தொடங்கிய யோக மந்திரமும் அந்த வழியில் வந்ததுதான். கிருஷ்ணமாச்சாரியாரிடம் படித்த பி.கே.எஸ். ஐயங்கார் புனேயில் நாற்காலி, பெல்ட், மரக்கட்டை, மடித்த போர்வை எல்லாம் வைத்து, உடம்பு வளையாதவர்களையும் ஆசனத்தில் இருக்க வைத்தார். எனவே நாற்காலியை இழுத்துப் போட வெட்கப்பட வேண்டாம்.

ஆரம்பிக்கும் முன் மாத்திரை டப்பாவைப் பாருங்க. "ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்வார்கள், டப்பா வேறு கதை சொல்லும். பி.பி. மாத்திரை எடுக்கிறவர்கள் படுத்த இடத்திலிருந்து சடார் என்று எழுந்தால் தலை கிறுகிறுக்கும். கண் அழுத்த நோய், அதாவது குளுக்கோமா இருந்தால் தலை கீழே தொங்குகிற எந்த நிலையும் கூடாது. எலும்புப்புரை இருந்தால் முதுகை வளைத்து முன்னால் குனிவதும், பலமாக முறுக்குவதும் வேண்டாம். முதுகெலும்பு நசுங்கிவிடும் ஆபத்து உண்டு. மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனவர்கள் மண்டி போடலாமா, கால் மேல் கால் போடலாமா என்பதை அவர்கள் டாக்டர்தான் சொல்லணும், நாம் சொல்லக்கூடாது.

சர்க்கரை நோயாளிகள் விஷயம் தனி. யோகா என்றாலே வெறும் வயிற்றில் என்று நாம் படித்திருக்கிறோம். இன்சுலின் போடுகிறவர்களும் சில வகை சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடலாம். எப்போது, எதைச் சாப்பிட்டுவிட்டுச் செய்யலாம் என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்க. பையில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

அடுத்து நாற்காலி. சக்கரம் வைத்தது வேண்டவே வேண்டாம். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், அதனால் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போடுங்க. உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் படணும். எட்டாதவர்களுக்குக் காலடியில் ஆடாத பலகை ஒன்று வைக்கலாம், எழுந்து நிற்கும் முன் அதை எடுத்துவிடணும். சாக்ஸைக் கழற்றச் சொல்லுங்க. புடவைக் கொசுவம், வேட்டி நுனி காலில் மாட்டாமல் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்க.

என் வகுப்பில் ஒரே ஒரு பயிற்சிதான் வைத்துக்கொள்ளலாம் என்றால், உட்கார்ந்து எழுவதைத்தான் வைப்பேன். உத்கடாசனத்தை நாற்காலிக்குக் கொண்டு வந்தால் அதுதான். முதலில் இருக்கையின் முன் நுனிக்கு நகர்ந்து வரணும். பாதங்களை முழங்காலுக்குச் சற்று உள்ளே இழுத்து, இடுப்பு அகலத்துக்கு வைக்கணும். பிறகு உடம்பை முன்னால் சாய்க்கணும், மூக்கு கால் விரலுக்கு நேரே வருகிற அளவுக்கு. நிறைய பேர் இங்கேதான் தடுமாறுவார்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பின்னால் சாய்ந்தபடியே எழப் பார்ப்பார்கள், அப்படி எழவே முடியாது. எனவே முன்னால் சாய்ந்து திரும்ப வருவதை மட்டும் ரெண்டு நாள் பழக்குங்க, பயம் போயிடும். அப்புறம் மூச்சை விட்டுக்கொண்டே எழுந்து, நின்ற இடத்தில் ஒரு நிமிஷம் நிதானித்து, ஒன்று, ரெண்டு, மூணு, நாலு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே உட்காரணும். எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சத்தமாக எண்ணுகிறவர் மூச்சைப் பிடித்து வைக்க முடியாது. தொப்பென்று விழுந்து உட்காரவும் மாட்டார். மெதுவாக இறங்கும்போதுதான் தொடைக்கு நல்ல வேலை.

முடியாதவர்களுக்கு இருக்கையில் போர்வையை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டுங்க (தலையணை வேண்டாம், அமுங்கும்). வாரம் ஒரு மடிப்பாகக் குறைக்கலாம். சாதாரண நாற்காலி 17, 18 அங்குல உயரம் இருக்கும், வீட்டில் இருக்கிற கமோடு பெரும்பாலும் 15, 16 அங்குலம்தான். நாற்காலியில் சுலபமாக எழுகிறவர் அங்கே திணறுவது இதனால்தான். மேலே சொன்ன பாட்டிக்கு மூன்று மடிப்புப் போர்வையோடு தொடங்கினோம். நாலு மாசம் ஆச்சு. இப்போது போர்வை இல்லை, கை மார்பின் மேல்.

விருட்சாசனம் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு செய்யட்டும். ஒரு காலின் குதிகாலை மட்டும் தூக்கி, கட்டை விரல் நுனி தரையில் இருந்தாலே போதும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்க, எதிரில் நின்று போட்டோ எடுக்காதீங்க.

மூச்சுப் பயிற்சியில் கபாலபாதி, பஸ்திரிகா, கும்பகம் மூன்றையும் நான் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. பி.பி., இதயக் கோளாறு, குடலிறக்கம் இருப்பவர்களுக்கு அது ஒத்துவராது. மூச்சை விடும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டினால் போதும். சவாசனத்துக்குத் தரையில் படுக்கணும் என்று கட்டாயம் இல்லை. கட்டிலில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கலாம். எழும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து நிற்கணும்.

பேசும் விதமும் பாடத்தில் சேர்த்திதான். காது மந்தமானவர்களுக்கு உங்கள் உதடு தெரியணும், முதுகைக் காட்டிக்கொண்டு பேசாதீங்க. குழந்தையிடம் பேசுகிற மாதிரி "சமத்து தாத்தா" என்றெல்லாம் கொஞ்சினால் அவர்களுக்குக் கோபம் வரும், வரத்தானே செய்யும்! எங்க வகுப்பில் ஒரு ஐயா, நாற்பது வயசில் சிரசாசனம் போட்டவர், இப்பவும் போடணும் என்று அடம் பிடித்தார். "வேண்டாம்" என்று சொல்லவில்லை. ஒரு பாதத்தை மற்றொன்றின் நேர் முன்னால் வைத்து, பிடிக்காமல் 10 விநாடி நிற்க முடிந்தால் பேசுவோம் என்றேன், சுவர் ஓரமாக நிறுத்தி. ஆறு விநாடிதான் நின்றார். மறுநாளிலிருந்து அதைத்தான் பழகுகிறார்.

முன்னேற்றம் தெரிய ஒரு சோதனை. கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்க. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் வைத்திருக்கும் கணக்குப்படி, 70-லிருந்து 74 வயதுக்குள் பெண்கள் 10-க்கும் ஆண்கள் 12-க்கும் கீழே எடுத்தால் விழும் ஆபத்து கூடுதல். மாசம் ஒரு தடவை எண்ணி, காலண்டரில் அந்தத் தேதியிலேயே எழுதி வையுங்க. நடுவில் நெஞ்சு வலி, தலை சுற்றல், மூச்சு வாங்குதல் எது வந்தாலும் அங்கேயே நிறுத்தி உட்கார வைத்து, டாக்டரைக் கூப்பிடுங்க.