தொடை எலும்பிலிருந்து உயரம்

அடையாளம் தெரியாத எலும்புகள் மேசைக்கு வந்ததும் அளக்க உட்காராதீர்கள். மனித எலும்புதானா, ஆணா பெண்ணா, வளர்ச்சி முடிந்தவரா என்று முதலில் பாருங்கள். ஆணா பெண்ணா என்பதற்கு இடுப்பெலும்பு கைகொடுக்கும். எலும்பின் நுனி தண்டோடு ஒட்டாமல் இருந்தால் வளரும் வயது. கீழே வரும் கணக்கு அதற்கு ஆகாது.

காலெலும்பு கிடைத்திருந்தால் கையெலும்பை நாட வேண்டாம். காலின் நீளம் உயரத்திலேயே அடங்கியிருக்கிறது, அதனால் பிழை குறைவு. முறிந்து கூடியதை ஒதுக்குங்கள்.

அளப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். டேப் வேண்டாம். ஒரு பக்கம் நிலையான தடுப்பும் மறுபக்கம் நகரும் தடுப்பும் உள்ள அளவுப் பலகை வேண்டும். தொடை எலும்பைக் கிடத்தி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெல்ல அசைத்து, கிடைக்கும் மிக அதிக நீளத்தைக் குறியுங்கள். முழங்கால் பக்கத்துக் குமிழ் இரண்டையும் சேர்த்துத் தடுப்பில் பதித்தால் அளவு சற்றுக் குறையும். அது வேறு சூத்திரத்துக்கு உரியது.

கணைக்கால் எலும்பில் இன்னும் எச்சரிக்கை தேவை. மில்ட்ரெட் டிராட்டரும் கோல்டின் கிளெசரும் 1952இல் வெளியிட்ட புகழ்பெற்ற சூத்திரங்களுக்காக அந்த எலும்பை அளந்தபோது, உட்கணு முனை விடுபட்டிருந்ததை 1995இல் ஜான்ட்ஸ் குழுவினர் காட்டினார்கள். முனையையும் சேர்த்து அளந்து அதே சூத்திரத்தில் போட்டால் உயரம் இரண்டரை, மூன்று செ.மீ. கூடிவிடும். சூத்திரம் செய்தவர் அளந்தபடியேதான் நாமும் அளக்க வேண்டும்.

இனிக் கணக்கு. அமெரிக்க வெள்ளை ஆண்களுக்கான டிராட்டர்-கிளெசர் தொடை எலும்புச் சூத்திரம்: நீளத்தை 2.38ஆல் பெருக்கி 61.41 கூட்டுங்கள். 45 செ.மீ. எலும்புக்கு 168.5 செ.மீ. வரும். முப்பது வயதைத் தாண்டியவரென்றால் ஆண்டுக்கு 0.06 செ.மீ. கழிக்க வேண்டும்; அறுபது வயதுக்காரருக்கு 166.7.

இதே சூத்திரத்தைத் திருச்சியில் கிடைத்த எலும்புக்குப் போடாதீர்கள். காலுக்கும் உடலுக்கும் உள்ள விகிதம் மக்களுக்கு மக்கள் மாறும். இந்தியர்களை அளந்து உருவாக்கிய சூத்திரத்தையே எடுங்கள்.

அறிக்கையில் ஒற்றை எண்ணை எழுதவே கூடாது. மேலே கண்ட டிராட்டர்-கிளெசர் சூத்திரத்தின் பிழை 3.27 செ.மீ. அதை இரட்டித்து இரு பக்கமும் விட்டால், அந்த அறுபது வயதுக்காரர் ஏறத்தாழ 160 முதல் 173 வரை. அகலம்தான், ஆனால் நீதிமன்றத்தில் நிற்கும்.

பிறகு காணாமல்போனோர் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வீட்டார் சொல்லும் உயரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆண்கள் தங்கள் உயரத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது வழக்கம். எப்போது, எதை வைத்து அளந்தது என்று கேளுங்கள். வீட்டு வாசல் நிலையில் அவர் நிமிர்ந்து நிற்கும் பழைய போட்டோ இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். நிலையை இன்றும் போய் அளக்கலாம்.